முனியின் செருப்புச் சாயம்

ஆலந்தாங்கல் முனீஸ்வரர் ஏரிக்கரையையும் ஊர் எல்லையையும் சுற்றிச் சுற்றிக் காவல் காக்கிறவர் என்பதால் அவருக்கு வருஷத்துக்கு ஒரு சோடி செருப்பு தேய்ந்துவிடும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நடக்கிறவருக்குச் செருப்பு தேயத்தான் செய்யும். கோயிலுக்குள் ஆணியில் தொங்கும் பழைய சோடியைத் திருவிழாவன்று இறக்கினால் குதிகால் பக்கம் வெளிப்புறமாகத் தேய்ந்திருக்கும், முனி கொஞ்சம் காலை அகட்டி நடப்பவர் என்பது அதை வைத்துத்தான் ஊருக்கே தெரியும். புதுச் சோடி ஊருக்கு வெளியே இருக்கிற காலனியிலிருந்து வர வேண்டும். மேளத்தோடு கொண்டுவந்து, ஊர் தொடங்கும் இடத்துப் புளியமரத்தடியில் வாழையிலை போட்டுத் தரையில் வைப்பார்கள். கையில் கொடுக்கிற வழக்கம் கிடையாது. வைத்தவர்கள் தள்ளிப்போய் நின்றதும் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார், தெளித்த நொடியிலிருந்து அது செருப்பு இல்லை, பாதம். அதற்கப்புறம் ஊரே முண்டியடித்து அதை இரண்டு கையாலும் வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்ளும். மாட்டுத்தோல்தானே என்று கேட்டு வைக்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் புத்தி பேதலித்துவிடவில்லை.

காலனியில் அந்தச் செருப்பைச் செய்கிறவள் நவநீதம். நாற்பதை நெருங்குகிறவள், கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், ஆம்பூர்ப் பக்கம் ஒரு பை கம்பெனியில் டச்சப் வேலை பார்க்கிறவள். டச்சப் என்றால் மற்றவர்கள் கெடுத்து வைத்ததைச் சரிசெய்வது. பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெளுத்து நிற்கும், ஈரம் காய்வதற்குள் பளபளப்புக்கான மினுக்கை அடித்துவிட்டால் பால் ஊற்றியதுபோல் பூத்துவிடும், வியர்த்த கையால் தொட்டுத் தொலைத்தால் விரல் ரேகை அப்படியே பதிந்துகொள்ளும்; அத்தனையும் அவள் மேஜைக்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போகும். எடுக்க முடிந்த கறையை எடுப்பாள். எடுக்கவே முடியாத கறை என்றால் ஒரே வழிதான், பை முழுவதையும் அந்தக் கறையின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். கறையைத் தேடுகிறவனுக்கு அப்புறம் பைதான் கிடைக்கும்.

அப்பா அம்மா போனபின் அவள் வளர்த்து ஆளாக்கியது தம்பி தணிகைவேலை. அவனும் தோல் வேலைதான், வெட்டும் மிஷினில். அந்த மிஷின் அவன் வலது ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் நவநீதம் வாசலில் உட்கார்ந்து முனியின் செருப்புக்கு அரக்குச் சாயம் ஏற்றி முடித்தாள். சாயம் ஏற்றியதும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும், அப்புறம்தான் மினுக்கு. துடைக்காமல் மினுக்கு அடித்தால் தோலில் ஏறாத சாயம் மேலேயே தங்கி, தொடுகிறவன் கையிலெல்லாம் ஒட்டும். தொழிலுக்கு வந்த புதிதில்கூட யாரும் செய்யாத தப்பு அது. துணிக்கு அவள் கையை நீட்டிய நேரம் பார்த்துத் தணிகைவேல் பக்கத்தில் வந்து குந்தினான்.

"எக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. நானும் யுவராணியும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கீறோம்."

"எந்த யுவராணி?"

"தர்மகர்த்தா பொண்ணு."

நவநீதம் தெருவை இரு பக்கமும் பார்த்துக்கொண்டாள். தர்மகர்த்தா மணவாளனுக்கு ஒரே பெண், நர்சிங் படிக்கிறது, இவன் போகிற பஸ்ஸில்தான் அதுவும் போகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த தன் மடத்தனத்தை என்னவென்று சொல்வது!

"அவங்க உன்ன வுட மாட்டாங்கடா. போன வருஷம் பக்கத்து ஊர்ப் பையன் தண்டவாளத்துல கெடந்தானே, மறந்துட்டியா?"

"மறக்கலக்கா."

"மறக்காமயாடா?"

அவன் அந்தப் பாதி விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவள் கை துணியை விட்டுவிட்டு மினுக்குப் பிரஷை எடுத்தது. எடுத்ததும் தெரியாது, அடித்ததும் தெரியாது, அடித்து முடித்து ஆணியில் மாட்டியதும் தெரியாது.

மறுநாள் புளியமரத்தடியில் செருப்பு வைக்கப்பட்டது, மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது, ஊர் முழுக்கக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தவர்களுக்கு உள்ளங்கையும் கண்ணிமையும் அரக்கு நிறமாக இருந்தன. ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள். தள்ளி நின்ற நவநீதத்துக்குத்தான் முதலில் விளங்கியது, துடைக்கவில்லை, ஐயோ, நான் துடைக்கவே இல்லை! அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பூசாரி அருள் வந்து, "முனி கை வெச்சிட்டாருடா!" என்று கத்தியதில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், போட்டுக்கொண்ட கன்னமெல்லாம் சிவந்தது.

ஒட்டுகிற சாயம் என்றால் நாலு தடவை சோப்புப் போட்டால் போய்விடும், போகாவிட்டாலும் ஒட்ட ஒட்ட வெளிறும். இது வெளிறவில்லை. தொட்டவனிடமிருந்து தொடப்பட்டவனுக்குப் போயிற்று, போன இடத்தில் முதலில் இருந்த அதே அழுத்தத்தோடு நின்றது, அங்கிருந்து அடுத்த ஆளுக்குப் போயிற்று. சட்டையில் ஒட்டவில்லை, சுவரில் ஒட்டவில்லை, ஆட்டுக்குட்டியைக் கொஞ்சினால் ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை; மனிதத் தோலிலிருந்து மனிதத் தோலுக்கு மட்டும், வைத்த கை வைத்தபடி, விரல் விரலாகப் பதிந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பதற்குள் யார் என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஏனென்றால் ஊரில் யார் யாரைத் தொடுகிறார்கள் என்பது பட்டப்பகலில் எழுதி ஒட்டியதுபோல் தெரிய ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் கன்னத்தில் வாத்தியாரின் ஐந்து விரலும் இருந்தன. பாகத் தகராறில் பேச்சை நிறுத்தி, ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் போகாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் தோளிலும் ஒருவர் கை ஒருவருக்குப் பதிந்திருந்தது. எங்கே சந்தித்து எப்போது தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள் என்று இருவருடைய பெண்டாட்டிகளுக்கும் தெரியவில்லை, தெரியாத கோபத்தில் இரண்டு வீட்டிலும் உலை வைக்கவில்லை. மருமகள் காலே பிடித்துவிடுவதில்லை என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்த மாமியாரின் முழங்காலில் சின்னக் கைகள் இரண்டு அழகாக உட்கார்ந்திருந்தன. டீக்கடைக் கோவிந்தன் தன் மேல் ஒரு அடையாளமும் இல்லை என்று பெருமையாகச் சட்டையைக் கழற்றிக் காட்டினான்; பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள், அப்புறம்தான் கல்யாணமான ஆம்பிளை மேல் ஒரு கைகூட இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கு உறைத்தது.

பின்பு சாயம் காலனிக்குள் தெரிய ஆரம்பித்தது. செருப்பைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றவர்கள் மேல், கையில் கொடுத்து வாங்காதவர்கள் மேல், ஊர்க் கைகள் பதிந்திருந்தன. ஏரி வேலைக்குப் போய்வந்த கிழவர் ஒருவரின் பிடரியில் நெட்டித் தள்ளிய கை இருந்தது. நெல் அறுக்கப் போன கன்னியம்மாவின் மருமகள் இடுப்பில் இரண்டு கைகள் இருந்தன, அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவே இல்லை. கன்னியம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "தொட மாட்டாங்களாம்! எங்க தொட மாட்டாங்கன்னு கேளுங்க!" என்று அவள் போட்ட சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது, கேட்ட ஊர் கேட்காததுபோல் இருந்தது.

ஆனால் பழகிவிட்டார்கள், எதற்குத்தான் பழகமாட்டார்கள். ஆண்கள் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டார்கள். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டாமல் பறக்கவிட்டார், பயணிகள் தாவிப் பிடித்தார்கள். நாவிதர் கையுறை மாட்டிக்கொண்டார். "உன் மேல யார் கை?" என்பது குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தாய்மார்கள் மட்டும் எதற்கும் கவலைப்படாமல் பிள்ளைகளைத் தூக்கினார்கள், அந்த ஊர்க் கைக்குழந்தைகள் எல்லாம் உச்சி முதல் உள்ளங்கால் வரை அரக்காக இருந்தன.

இந்தக் களேபரத்தில்தான் நவநீதம் பஸ் நிறுத்தத்தில் யுவராணியைப் பார்த்தாள். பெண் முன்னால் நின்றுகொண்டிருந்தது, கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. காற்று அடித்துத் துப்பட்டா நகர்ந்தது. பின்னங்கழுத்தில் ஒரு கை, வலது கை, பெருவிரல் இருந்தது, நடுவிரல் இருந்தது, மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்தன, ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது.

பெண்ணின் கையிலிருந்து தணிகைவேல் கைக்கு, அவன் கையிலிருந்து பெண்ணின் கழுத்துக்கு. பாழாய்ப்போன சாயம் வழி தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதை ஏற்றிவிட்டவள் அவன் அக்கா. ஊருக்கும் காலனிக்கும் சேர்த்துப் பாதி விரல் உள்ளவன் ஒருத்தன்தான். அவள் பாய்ந்து போய்த் துப்பட்டாவை இழுத்து மூடினாள். யுவராணி திரும்பிப் பார்த்து, பயந்து, ஆள் யாரென்று தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டது.

"யார் பாத்தாங்க?"

"அம்மா. தலை வாரும்போது. ஒண்ணும் கேக்கல. துப்பட்டாவ மட்டும் எடுத்துக் குடுத்தாங்க."

அன்றைக்கு நவநீதம் வேலைக்குப் போகவில்லை. தன் முழங்கையில் தம்பியின் கையை வைத்து அழுத்தச் சொல்லி, பதிந்ததன் மேல் எலுமிச்சம்பழம் தேய்த்தாள், நல்லெண்ணெய் தேய்த்தாள், மண்ணெண்ணெய் தேய்த்தாள், கம்பெனியில் பழைய மினுக்கை எடுக்கிற தின்னரைக் கொண்டுவந்து தேய்த்தாள். தோல்தான் உரிந்தது, உரிந்த தோலுக்கு அடியிலும் பாதி விரல் இருந்தது. தணிகைவேல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வுடுக்கா. ரத்தம் வருது."

"எல்லாத்தையும் எடுத்திருக்கேன்டா, இத்தன வருஷத்துல எவன் கெடுத்ததயும் எடுத்திருக்கேன். இத எடுக்க முடியலயே!" என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

அப்போதுதான் தண்டோரா கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊரும் காலனியும் கோயில் திடலுக்கு வர வேண்டும், ஊர்ப் பெண்கள் மேல் இருக்கிற கைகளை அவரவர் வீட்டுக் கைகளோடு பொருத்திப் பார்ப்பது, பொருந்தாத கையைக் காலனி ஆம்பிளைகளோடு பொருத்திப் பார்ப்பது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, தர்மகர்த்தா மணவாளன் தலைமையில் எடுத்த முடிவு. காலனிப் பெண்கள் மேல் இருக்கிற கைகளை யாரோடு பொருத்துவது என்று அதில் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கெடுத்த நவநீதம் கண்டிப்பாக வர வேண்டும், அவளுக்கு என்ன செய்வது என்றும் அங்கே தீர்மானமாகும்.

நவநீதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முழங்கையில் உரிந்துகிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், மேஜைக்கு வந்த பையைப் பார்ப்பதுபோல. பிறகு தம்பியிடம், "ஞாயித்துக்கெழம நீ திடலுக்கு வராத. ஏரி வழியா சுத்திப் போயி, அடுத்த ஊர்ல நில்லு. சாயங்கால பஸ்ஸுல அவளும் வருவா, நான் சொல்லியனுப்பறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் நிழல் விழுந்த பக்கம் ஊர், வெயில் விழுந்த பக்கம் காலனி. கோயில் படியில் மணவாளன் உட்கார்ந்திருந்தார். வெற்று மார்போடு வளைய வருகிற மனிதர், அன்றைக்குத் துண்டைத் தோளைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தார்.

"நீதான கெடுத்த? எடுக்க முடியுமா, முடியாதா?"

"முடியாதுங்க" என்றாள் நவநீதம். கூட்டம் உறுமியது. அவள் குரலை உயர்த்தினாள். "எடுக்க முடியாதுங்க. ஆனா சரிபண்ண முடியும். ஒரு எடத்துல கறை கீதுன்னா அது கறை. முழுசும் ஒரே நெறமா ஆயிட்டா அப்புறம் அது கறை இல்ல, நெறம். அத்தன பேரையும் ஒண்ணு போல ஆக்கிட்டு, நல்லா தொடச்சி வுட்டுட்டா அதுக்கு மேல யார் மேலயும் ஒட்டாது. இன்னாருடைய கைன்னு எவனும் காட்ட முடியாது."

"எதால பூசுவ?"

"இதால" என்று அவள் அரக்கு ஏறியிருந்த இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "நான் தொடணும். ஒவ்வொருத்தரயும்."

திடல் அதிர்ந்து போய்விட்டது. காலனிப் பொம்பளை ஊரையே தொடுவதா, தலையிலிருந்து கால் வரைக்குமா, என்ன தைரியம், யார் கொடுத்த தைரியம்! கத்தினார்கள், கல்லை எடுத்தார்கள், எடுத்த கல்லை யாரும் எறியவில்லை. ஏனென்றால் கத்திக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் முழுக்கைச் சட்டைக்குள், ரவிக்கைக்குள், வேட்டிக்குள் மறைத்துவைத்த கை ஒன்று இருந்தது. இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலை வேண்டாமே என்று ஒவ்வொருவரும் முனியிடம் வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள், வாயைத் திறந்து முதலில் சொல்கிறவன் மாட்டிக்கொள்வான் என்பதால்தான் யாரும் சொல்லவில்லை.

ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மணவாளனின் மனைவி அலமேலு, சபையில் அதுவரை வாய் திறக்காதவள். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே வெயிலுக்கு வந்தாள்.

"என் பொண்ணுக்கு மொதல்ல பண்ணு" என்றாள். "கழுத்துலேர்ந்து ஆரம்பி."

படியில் மணவாளன் அசையவில்லை. நவநீதம் யுவராணியின் பின்னங்கழுத்தில் கை வைத்தாள். தோலுக்குச் செய்வதுபோலவே செய்தாள், முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே, பிறகு சின்னச் சின்ன வட்டமாக, கோடு தெரியாமல், திட்டு நிற்காமல். அவள் கைக்கு அடியில் அந்தப் பாதி விரல் கரைந்து கழுத்தோடு கழுத்தாகப் போயிற்று. பிறகு கம்பளித் துணியால் துடைத்தாள், சட்டையில் ஒட்டாத சாயம் அந்தத் துணிக்கு மட்டும் இறங்கியது, துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை துடைத்தாள். அலமேலு மகளுடைய தலையை ஒருமுறை தடவிவிட்டு, தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அதன் கைக்குள் திணித்து, "தாகமா இருந்தா போய் தண்ணி குடிச்சிட்டு வா" என்று பஸ் நிற்கிற பக்கம் அனுப்பினாள்.

அதற்கப்புறம் வரிசை தானாக நின்றது. பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், எங்கே மறைக்க வேண்டும் என்று அவள் காதில் மட்டும் சொன்னார்கள். வாத்தியார் வந்தார். பேசாத அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கோவிந்தன் வந்து, "எனக்கு ஒண்ணுமே இல்ல, இருந்தாலும் பூசிடு" என்று தலையைக் குனிந்துகொண்டான். பூசாரி இது முனி உத்தரவு என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் சட்டென்று கழுத்தை நீட்டினார். காலனியும் வந்தது, கன்னியம்மா மருமகளை அணைத்துக் கூட்டிவந்து, "இத மூடிட்டா ஆச்சா, நவநீதம்? செஞ்சவனுக்கும் சேத்துல்ல மூடற?" என்று கேட்டாள். நவநீதம் தம்பிக்காக எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தாள், அதில் இதுவும் மூடிக்கொண்டது. கன்னியம்மா மருமகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டாள், அந்தப் பெண் பூசிக்கொள்ளவில்லை.

வெயில் சாய்ந்தபோது நிழல் பக்கம் எது, வெயில் பக்கம் எது, யார் ஊர், யார் காலனி என்று ஒன்றும் தெரியாமல் திடல் முழுக்க ஒரே அரக்காக இருந்தது. கடைசியாக மணவாளன் படியிறங்கி வந்தார். கோயிலுக்குப் பின்பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார், துண்டை எடுத்தார்.

இடது தோளில் ஒரு கை இருந்தது. பெருவிரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். ஆள்காட்டி விரல் பாதி.

நவநீதத்தின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"திருவிழாவுக்கு மறுநாள் வெடிகாலம்" என்றார் மணவாளன், திரும்பாமலேயே. "மோட்டார் கொட்டாய்ல நெஞ்ச அடச்சி வுழுந்துட்டேன். ஷிப்டுக்குப் போறவன் சைக்கிளப் போட்டுட்டு ஓடியாந்தான். தூக்கி உக்கார வெச்சி வாயில தண்ணி ஊத்தினான். எவன் கிட்டயும் சொல்லாதடான்னேன். சொல்லல போல."

"எங்கிட்ட கூட சொல்லலீங்க."

"அந்தக் கை எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்ச கை என் பொண்ணு கழுத்துல இருந்தத நானும் பாத்தேன்."

தூரத்தில் ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை அவர் அசையாமல் நின்றார், அவள் கையும் அங்கேயே நின்றது.

"தண்ணி குடிக்கப் போனவ இன்னும் வரல" என்றார்.

நவநீதம் அந்தப் பாதி விரலையே பார்த்தாள்.

"இன்னா பாத்துகினு கீற? மூடு."

மூடினாள். நீளவாக்கில், குறுக்கே, வட்டமாக. அவள் தூக்கி வளர்த்த கை அது, மூடும்போது கண்ணீர் அவர் முதுகில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. துணி வெள்ளையாகத் திரும்பி வந்தது. மணவாளன் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்தபடியே முன்பக்கம் போய், படியேறி நின்று, "சரியாயிடுச்சு. இனிமே எவன் கை எவன் மேலன்னு எவனும் பேசக் கூடாது. வூட்டுக்குப் போங்க" என்றார். ஊர் அப்பாடா என்று எழுந்தது.

அவர் தெருவில் இறங்கி நடந்தார். நவநீதம் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அடியில் இருக்கிற கறை ஒரே ஒரு சமயத்தில் மட்டும் கண்ணில் படும், வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது. டச்சப் வேலை செய்கிறவர்களைத் தவிர அது யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் வெளியே சொல்லவும் மாட்டார்கள். சாயங்கால வெயில் அவர் முதுகில் சாய்வாக விழுந்தது. அரக்கு நிறத்துக்கு அடியில், இடது தோளில், பாதி விரலோடு அந்தக் கை மினுமினுத்தது. இரு பக்கமும் நடந்துபோன ஊர்க்காரர்கள் யாரும் பார்க்கவில்லை. திருப்பத்தில் அவர் ஒருமுறை நின்றார், துண்டு இல்லாத கையை எடுத்துச் சரியாக அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார், பிறகு மகள் இல்லாத வீட்டுக்குப் போனார்.